மெய்நிகர் இயங்குதளங்களில் கிராஷ் கெர்னல்

கிராஷ் கெர்னல் என்பது, ஓர் இயங்குதளத்தின் கெர்னல் (கருனி) பழுதாகி நின்றுவிடும்போது அதன் இடத்தில் எழுந்து, நின்றுபோன கெர்னலின் நினைவகத்தைப் படியெடுத்துச் சேமிக்கும் இரண்டாவது சிறிய கெர்னல் ஆகும். இது பழுது நேர்ந்த பிறகு தேடி எடுக்கப்படுவதில்லை. கணினி நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தின் ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியில் ஏற்றி வைக்கப்படுகிறது. லினக்ஸில் இந்த ஏற்பாடு கேடம்ப் என்று அழைக்கப்படுகிறது. இது கெக்ஸெக் என்ற வசதியின் மேல் கட்டப்பட்டது. ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் கணினிகள் ஓடும் சூழலில், இந்த இரண்டாவது கெர்னலை யார் ஏற்றுவது, எங்கே வைப்பது, யார் காவல் காப்பது என்ற கேள்விகள் புதிதாக எழுகின்றன.

தேவை

திருப்பூரின் நிட்டிங் கூடங்களில் வட்டப் பின்னல் இயந்திரம் நூல் அறுந்தாலும் ஊசி உடைந்தாலும் தானாக நின்று விளக்கை எரியவிடும். பிட்டர் வந்து எந்த ஊசி, எந்த ஃபீடர் என்று பார்த்த பிறகே மறுபடி ஓட்டுவார். பார்க்காமல் ஓட்டினால் துணி ரோல் முழுக்கக் கோடு விழும். அதே நகரத்தின் அலுவலக அறையில் சர்வர் நிற்கும்போது நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானது. யாரும் எதையும் பார்ப்பதில்லை, ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள்.

ஒரு நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். 64 ஜிபி நினைவகம் உள்ள ஒரே சர்வரில் கேவிஎம் மூலம் மூன்று மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. ஒன்றில் ஆர்டர், நூல் கொள்முதல், சாயப்பட்டறை ஜாப் ஒர்க், பீஸ் ரேட் கூலி ஆகியவற்றின் தரவுத்தளம் லினக்ஸில் இருக்கிறது. இன்னொன்றில் கணக்கு மென்பொருள் விண்டோஸில் இயங்குகிறது. மூன்றாவது, பேட்டர்ன் கோப்புகளுக்கான கோப்பு சர்வர். தரவுத்தளக் கணினி வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் பேக்கிங் லிஸ்ட் அச்சிடும் மாலை நேரத்தில், நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தூத்துக்குடி போகவேண்டிய கன்டெய்னர் வாசலில் காத்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில் கணினி மீண்டும் எழுந்துவிடுகிறது, எல்லோரும் வேலைக்குத் திரும்புகிறார்கள். ஆனால் கெர்னல் எந்த வரியில் விழுந்தது, எந்த டிரைவர் தவறான முகவரியைத் தொட்டது என்ற தகவல் அந்த ரீஸ்டார்ட்டிலேயே அழிந்துபோகிறது. அடுத்து ஊகங்கள் தொடங்கும். மின்சாரம் சரியில்லை என்று புதிய யுபிஎஸ் வாங்கப்படும். அதன் பிறகு ரேம் மாற்றப்படும். பிழை மட்டும் அப்படியே இருக்கும்.

லாக் கோப்பில் ஏன் எதுவும் இருப்பதில்லை என்ற கேள்வி மாணவர்களுக்கு இங்கே எழக்கூடும். லாக்கை வட்டில் எழுத வேண்டியதும் அதே கெர்னல்தான். அது நின்ற நொடியில் கடைசிச் செய்திகள் நினைவகத்தில் மட்டுமே இருக்கும்.

பெங்களூரிலிருந்து வந்த தீர்வு

கேடம்புக்கு முன்பே லினக்ஸில் டம்ப் எடுக்கும் முறைகள் இருந்தன. எஸ்ஜிஐ நிறுவனத்தில் தொடங்கிய எல்கேசிடி, ரெட் ஹாட்டின் நெட்டம்ப், டிஸ்க்டம்ப் ஆகியவை அவற்றுள் சில. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனம் இருந்தது: விழுந்துவிட்ட கெர்னலே தன் டிரைவர்களைக் கொண்டு தன் நினைவகத்தை எழுத வேண்டும். பூட்டுகள் பாதியில் மாட்டிக்கொண்டிருக்கலாம். வட்டு டிரைவரே குற்றவாளியாக இருக்கலாம். மோசமான நிலையில், டம்ப் எழுதப் போய் நல்ல தரவின் மேல் எழுதிவிடும் ஆபத்தும் உண்டு.

எரிக் பீடர்மேன் உருவாக்கிய கெக்ஸெக், பயாஸ் வழியாகப் போகாமல் ஓடும் கெர்னலிலிருந்து நேரடியாக இன்னொரு கெர்னலுக்குத் தாவும் வசதியைத் தந்தது. இதைப் பயன்படுத்தி, விழுந்த கெர்னலிடம் எந்த வேலையும் ஒப்படைக்காமல் புதிய கெர்னல் ஒன்றை எழுப்பலாம் என்ற வடிவமைப்பைப் பெங்களூரிலிருந்த ஐபிஎம் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தின் பொறியாளர்கள் முன்னெடுத்தார்கள். விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர் பீடர்மேனுடன் சேர்ந்து 2005இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் கேடம்ப் பற்றிய கட்டுரையை அளித்தனர். கேடம்பின் ஆவணத்தில் தொடர்புக்குரியவர்களாகக் கோயலுடன் மனீஷ் சோனியின் பெயரும் நீண்ட காலம் இருந்தது. 2005 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் 2.6.13இல் கெக்ஸெக்கும் கேடம்பும் சேர்க்கப்பட்டன.

ஏற்றும் முறை

முதல் கெர்னல் பூட் ஆகும்போதே, கட்டளை வரியில் கொடுக்கப்படும் கிராஷ்கெர்னல் என்ற அளவுரு நினைவகத்தில் ஒரு துண்டை ஒதுக்குகிறது. அந்தத் துண்டை முதல் கெர்னல் எந்த வேலைக்கும் பயன்படுத்தாது. எந்தச் சாதனத்துக்கும் அதன் முகவரியைக் கொடுக்காது. இந்த இரண்டாவது நிபந்தனை மிக முக்கியமானது. கெர்னல் விழுந்தாலும் நெட்வொர்க் கார்டும் வட்டுக் கட்டுப்படுத்தியும் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட முகவரிகளில் இன்னும் சற்று நேரம் எழுதிக்கொண்டிருக்கும். ஒதுக்கிய துண்டின் முகவரி அவற்றுக்குத் தெரியாததால் கிராஷ் கெர்னல் தப்பிக்கிறது.

பின்னர் கெக்ஸெக் கருவி அந்தத் துண்டில் சில பொருள்களை வைக்கிறது: கெர்னல் படிமம், அதற்கான சிறிய தொடக்கக் கோப்புமுறை, பழைய நினைவகத்தின் வரைபடம்போல் இருக்கும் எல்ஃப் தலைப்புகள், கட்டளை வரி, கடைசியாகப் பர்கேட்டரி எனப்படும் சிறு நிரல். சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவே, தமிழ்க் கத்தோலிக்கர்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்று சொல்லும் இடத்தின் பெயரை இந்த நிரலுக்குச் சூட்டியிருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். பழைய கெர்னல் இறந்து புதியது பிறப்பதற்கு முன் கணினி இருக்கும் சில கணங்கள் இதன் கையில் உள்ளன. ஏற்றியபோது கணக்கிடப்பட்ட ஷா-256 ஹாஷ் மதிப்பு இன்னும் பொருந்துகிறதா என்று இது சரிபார்க்கும். இறக்கும் கெர்னல் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிய துண்டிலும் எழுதியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். கெட்டுப்போன கெர்னலுக்குத் தாவல் நடக்காது.

2014இல் வெளியான லினக்ஸ் 3.17இல், படிமத்தைப் பயனர் நிரல் துண்டுதுண்டாகக் கொடுக்காமல் கோப்பாகவே கெர்னலிடம் ஒப்படைக்கும் புதிய அழைப்பு வந்தது. இதையும் எழுதியவர் கோயல்தான். கையொப்பத்தைக் கெர்னலே சரிபார்க்க முடிவதால், செக்யூர் பூட் இயக்கத்தில் உள்ள கணினிகளில் கிராஷ் கெர்னலை ஏற்ற இது வழிசெய்தது.

பேனிக் நேரும்போது, விழுந்த சிபியு மற்ற சிபியுக்களுக்கு மறைக்க முடியாத குறுக்கீடு ஒன்றை அனுப்பி நிறுத்துகிறது, பதிவகங்களைச் சேமிக்கிறது, தாவுகிறது. கிராஷ் கெர்னல் பெரும்பாலும் ஒரே சிபியுவில் எழுந்து, பழைய நினைவகத்தை ஒரு கோப்பைப்போலக் காட்டுகிறது. மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி வேண்டாத பக்கங்களைக் கழித்துச் சுருக்கி வட்டிலோ நெட்வொர்க் வழியாக வேறு கணினியிலோ எழுதுகிறது. அதன் பிறகே ரீஸ்டார்ட்.

கெஸ்டுக்குள் ஏற்றினால்

மேலே சொன்னது முழுவதும் நிஜ வன்பொருளுக்காக எழுதப்பட்ட வடிவமைப்பு. மெய்நிகர் கணினியில், அதாவது கெஸ்டில், அதே முறையைப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் அப்படித்தான் செய்யப்படுகிறது. ஆனால் வன்பொருள் இருக்கவேண்டிய இடத்தில் இங்கே இன்னொரு மென்பொருள் இருக்கிறது. கீழே உள்ள ஹைப்பர்வைசருக்குக் கெஸ்ட் கெர்னல் மாறிவிட்டது என்பது யாராவது சொன்னால்தான் தெரியும்.

கேவிஎம் கெஸ்ட் ஒன்று நேரம் பார்ப்பதற்காகத் தன் நினைவகத்தில் ஒரு பக்கத்தின் முகவரியை ஹைப்பர்வைசரிடம் பதிந்து வைக்கிறது. ஹைப்பர்வைசர் அந்தப் பக்கத்தில் நேரத் தகவலை எழுதிக்கொண்டே இருக்கும். இதுபோல வேறு பகிர்வுப் பக்கங்களும் உண்டு. சாதாரணக் கெக்ஸெக்கில் புதிய கெர்னல் அதே முகவரியில் வேறு எதையாவது வைத்திருந்தால் ஹைப்பர்வைசர் அதன் மேல் எழுதிவிடும். கிராஷ் கெர்னல் தனித் துண்டில் இருப்பதால் இந்த ஆபத்து அதற்குக் குறைவு. இருந்தாலும் விழும் பாதையிலேயே இந்தப் பதிவை ரத்து செய்யும் சிறு நிரலைக் கெர்னலில் வைத்திருக்கிறார்கள். விழுகிற கெர்னலிடம் எவ்வளவு குறைவாக வேலை கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது கேடம்பின் அடிப்படை. மெய்நிகராக்கம் அதில் சில விலக்குகளைக் கட்டாயமாக்குகிறது.

ஹைப்பர்-வி கெஸ்டில் இந்த விலக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே வட்டும் நெட்வொர்க்கும் விஎம்பஸ் என்ற ஒரே பாதையில் வருகின்றன. பழைய கெர்னல் சாகும் முன் இணைப்பை விடுவிக்கும் செய்தியை ஹோஸ்டுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் புதிய கெர்னலால் அந்தப் பாதையில் புதிதாக இணைய முடியாமல் போகலாம். கிராஷ் கெர்னல் நன்றாக எழுந்திருக்கும், ஆனால் டம்ப்பை எழுத வட்டு கிடைக்காது. விர்ட்டியோ சாதனங்களில் சிக்கல் எளிது: நிலைப் பதிவகத்தில் சுழியை எழுதினால் சாதனம் ரீசெட் ஆகிவிடும், புதிய டிரைவர் தொடங்கும்போதே இதைச் செய்துவிடுகிறது.

சிபியுக்களை நிறுத்துவதிலும் வேறுபாடு உண்டு. எக்ஸ்86இல் விழுந்த சிபியு மற்றவை நிற்பதற்காக அதிகபட்சம் ஒரு நொடி காத்திருக்கும். நிஜ சிபியுவுக்கு ஒரு நொடி என்பது யுகம். மெய்நிகர் சிபியுவோ ஹோஸ்டின் வரிசையில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். சுமை அதிகமான சர்வர்களில் இதே காரணத்தால்தான் சிபியு 20 நொடிக்கு மேல் சிக்கிவிட்டது என்ற சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கை பொய்யாக எழுகிறது. அந்த எச்சரிக்கை வந்தவுடன் பேனிக் ஆகுமாறு அமைக்கும் வழக்கம் நிஜ வன்பொருளில் சரி. மெய்நிகர் கணினியில் அது நல்ல கணினியையும் விழவைக்கும்.

பலூன் முறையில் கெஸ்டிடமிருந்து ஹோஸ்ட் திரும்பப் பெற்ற பக்கங்கள் இன்னொரு கண்ணி. பழைய வரைபடத்தில் அவை நினைவகமாகவே தெரியும். பின்னால் எதுவும் இருக்காது. கிராஷ் கெர்னல் அவற்றைப் படிக்கப் போய் வீணாக நேரம் கழிக்கும். ஒரு பக்கம் உண்மையில் நினைவகம்தானா என்று டிரைவரிடம் கேட்டுக்கொள்ளும் வசதி, ஜென் கெஸ்டுகளுக்காக முதலில் சேர்க்கப்பட்டது. பின்னர் விர்ட்டியோ-மெம்மும் அதைப் பயன்படுத்திக்கொண்டது.

ஹோஸ்டிலிருந்து எடுத்தால்

கெஸ்டின் நினைவகம் முழுவதும் ஹோஸ்டுக்குத் தெரியும் என்றால், கெஸ்டுக்குள் இரண்டாவது கெர்னல் எதற்கு? விர்ஷ் டம்ப் போன்ற கட்டளையால் வெளியிலிருந்தே படியெடுக்க முடியும். கெஸ்ட் எவ்வளவு மோசமாகக் கெட்டிருந்தாலும் இது வேலை செய்யும். கெஸ்டில் நினைவகம் ஒதுக்கவும் வேண்டாம். இது உண்மையான ஒரு நல்வசதி. இருப்பினும் ஹோஸ்ட் நிர்வாகியின் அனுமதி தேவை. வாடகைக் கிளவுடில் மெய்நிகர் கணினி வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. தேவையற்ற பக்கங்களை வெளியிலிருந்து பிரித்தறிவதும் கடினம். இதற்காகவே கெஸ்ட் தன் கெர்னல் அமைப்பு பற்றிய குறிப்பை க்யூஎமுவிடம் கொடுத்து வைக்கும் விஎம்கோர்இன்ஃபோ என்ற சாதனம் சேர்க்கப்பட்டது.

கெஸ்ட் விழுந்ததை ஹோஸ்டுக்குச் சொல்ல பிவிபேனிக் என்ற எளிய மெய்நிகர் சாதனம் இருக்கிறது. இங்கேதான் இரண்டு வழிகளும் மோதிக்கொண்டன. விழுந்தேன் என்ற செய்தி கேட்டவுடன் ஹோஸ்ட் தன் கொள்கைப்படி கெஸ்டை அழிக்கலாம் அல்லது ரீஸ்டார்ட் செய்யலாம். கெஸ்டுக்குள் கிராஷ் கெர்னல் அப்போதுதான் எழுந்து டம்ப் எழுதத் தொடங்கியிருக்கும். காப்பாற்ற வந்தவர் சாட்சியத்தை அழித்த கதை. பின்னர் இரண்டாவது பிட் ஒன்று சேர்க்கப்பட்டது. முதல் பிட், விழுந்துவிட்டேன் என்கிறது. இரண்டாவது, விழுந்தேன், ஆனால் என் கிராஷ் கெர்னல் ஏற்றப்பட்டிருக்கிறது, தொடாதே என்கிறது. கிளஸ்டர் அமைப்புகளில், பதில் வராத கணினியின் மின்சாரத்தை மற்றொரு கணினி துண்டித்துவிடும் வழக்கம் உண்டு. அங்கே டம்ப் நடக்கிறது என்று அறிவிக்கும் ஃபென்ஸ்-கேடம்ப் இதே வேலையைச் செய்கிறது. மெய்நிகர் வாட்ச்டாக் வைத்திருப்பவர்கள் அதன் காலக்கெடுவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஹைப்பர்வைசரே விழுந்தால்

ஜென் ஹைப்பர்வைசரில் வன்பொருளின் உரிமையாளர் ஹைப்பர்வைசர். கருவிகள் இருப்பதோ டாம்0 என்ற சிறப்புரிமை பெற்ற கெஸ்டில். ஆகவே நினைவகத்தை ஒதுக்குவது ஜென்னின் கட்டளை வரி, படிமத்தைக் கொடுப்பது டாம்0. விஏ லினக்ஸ் ஜப்பானைச் சேர்ந்த மேக்னஸ் டாம், சைமன் ஹோர்மன் ஆகியோர் தொடக்கத்தில் இதை உருவாக்கினர். ஜென் விழுந்தாலும் டாம்0 விழுந்தாலும் கிராஷ் கெர்னல் நேரடியாக நிஜ வன்பொருளின் மேல் எழுகிறது. எல்லாக் கெஸ்டுகளும் அந்த நொடியில் முடிந்துபோகின்றன. முதல் வடிவமைப்பில் ஏற்றும் வேலையின் பெரும்பகுதி டாம்0 கெர்னலுக்குள் இருந்தது. டாம்0 கெர்னலில் அதற்குரிய ஆதரவு இல்லையென்றால் எதுவும் நடக்காது. 2014இல் வந்த ஜென் 4.4இல் படிமத்தை ஜென்னே நேரடியாக வாங்கி வைத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். காவல் காக்கவேண்டியவரிடமே பொருளை ஒப்படைத்த மாற்றம் இது.

கேவிஎம்மில் ஹோஸ்டும் ஒரு லினக்ஸ் கெர்னல் என்பதால் அதற்கும் சாதாரணக் கேடம்ப் போதும். ஹோஸ்ட் விழுந்தால் கெஸ்டுகளுக்குள் இருக்கும் கிராஷ் கெர்னல்களால் பயன் இல்லை. கெஸ்டின் நினைவகம் ஹோஸ்டுக்குப் பயனர் பக்கங்களாகத் தெரிவதால், வழக்கமான வடிகட்டலில் அது டம்ப்பிலிருந்து கழிந்தும் போகும்.

ஐபிஎம் பவர் கணினிகளில் வேறொரு பாதை எடுக்கப்பட்டது. பவர்விஎம்மில் இயங்குதளம் எப்போதுமே ஒரு பிரிவுக்குள் ஓடுகிறது. கீழே ஃபர்ம்வேர் எப்போதும் விழித்திருக்கிறது. எனவே, எந்த நினைவகத்தைக் காக்க வேண்டும் என்று இயங்குதளம் முன்கூட்டியே ஃபர்ம்வேரிடம் பதிந்து வைக்கிறது. விழுந்த பிறகு ஃபர்ம்வேர் அதைக் காத்து, சாதனங்களை முழுமையாக ரீசெட் செய்து, புதிய கெர்னலைச் சாதாரணமாகவே பூட் செய்கிறது. அது எழுந்ததும் காக்கப்பட்ட நினைவகத்தை எழுதுகிறது. எஃப்ஏடம்ப் எனப்படும் இந்த முறையின் ஆவணத்தை எழுதியவர் ஐபிஎம்மின் மகேஷ் சல்காவ்ங்கர். 2012இல் லினக்ஸ் 3.4இல் இது சேர்ந்தது. பாதி இயங்கிய நிலையில் விடப்பட்ட சாதனங்களோடு மல்லுக்கட்டும் தொல்லை இதில் இல்லை. ஆனால் கீழே உள்ளவர் நம்பகமானவர் என்பதை ஏற்றுக்கொண்டால்தான் இந்த வடிவமைப்பு நிற்கும்.

அந்த நம்பிக்கையையே மறுக்கும் மெய்நிகர் கணினிகளும் வந்துவிட்டன. ஏஎம்டியின் எஸ்இவி, இன்டெல்லின் டிடிஎக்ஸ் ஆகியவற்றில் கெஸ்டின் நினைவகம் ஹோஸ்டுக்குத் தெரியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது. அங்கே விர்ஷ் டம்ப் எடுத்தால் பொருளற்ற எழுத்துகளே வரும். கெஸ்டுக்குள் ஏற்றப்பட்ட கிராஷ் கெர்னல்தான் ஒரே சாட்சி.

நினைவகக் கணக்கு

சிறிய நிறுவனங்கள் கேடம்பை அணைத்து வைக்கும் காரணம் பெரும்பாலும் நினைவகம். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9இன் எக்ஸ்86 இயல்புநிலை அமைப்பில், 1 முதல் 4 ஜிபி உள்ள கணினிக்கு 192 எம்பி, 4 முதல் 64 ஜிபிக்கு 256 எம்பி, அதற்கு மேல் 512 எம்பி ஒதுக்கப்படுகிறது. 8 ஜிபி கொண்ட பத்து கெஸ்டுகள் என்றால் 2,560 எம்பி. கேட்கும்போது அதிகமாகத் தோன்றும். கேவிஎம்மில் கெஸ்ட் ஒருமுறையும் தொடாத பக்கத்துக்கு ஹோஸ்ட் நிஜ நினைவகத்தைக் கொடுப்பதில்லை. ஹோஸ்டில் ஹியூஜ்பேஜ் நிலையாக ஒதுக்கப்படாதவரை, ஏற்றப்பட்ட படிமத்தின் அளவு மட்டுமே உண்மையான செலவு. கெஸ்டுக்கு இழப்பு முழுமையானது, ஹோஸ்டுக்கு இழப்பு குறைவு. இன்னொரு பக்கம், நெடுநாள் தொடப்படாத அந்தப் பக்கங்களை ஹோஸ்ட் ஸ்வாப்புக்குத் தள்ளியிருக்கலாம். அப்போது கிராஷ் கெர்னல் எழ நேரமாகும்.

முன்னர் சொன்ன திருப்பூர் சர்வரில், தரவுத்தளக் கெஸ்டுக்கு மட்டும் கேடம்ப் அமைத்து, டம்ப்பைக் கோப்பு சர்வருக்கு நெட்வொர்க் வழியாக அனுப்பினாலே போதும். விண்டோஸ் கெஸ்டுக்கு அதன் சொந்த டம்ப் வசதி இருக்கிறது. ஹோஸ்டில் பிவிபேனிக் கொள்கையும் வாட்ச்டாக்கும் டம்ப் முடியும்வரை பொறுக்குமாறு அமைய வேண்டும். விழாமல் உறைந்துபோகும் கெஸ்டுக்கு, ஹோஸ்டிலிருந்து மறைக்க முடியாத குறுக்கீட்டை அனுப்பிப் பேனிக் ஆக்கலாம். கெஸ்டில் அதற்கான அமைப்பு முன்பே இருக்க வேண்டும்.

அமைத்த பிறகு ஒருமுறையேனும் வேண்டுமென்றே விழவைத்துப் பார்ப்பது வழக்கம். சிஸ்ஆர்க்யூ-ட்ரிக்கர் கோப்பில் சி என்ற எழுத்தை எழுதினால் லினக்ஸ் கெர்னல் உடனே விழும். ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் எடுத்த பிறகு செய்யவேண்டிய சோதனை இது. நெட்வொர்க் டிரைவர் தொடக்கக் கோப்புமுறையில் சேர்க்கப்படவில்லை, கோப்பு சர்வரில் இடம் இல்லை என்பன போன்ற குறைகள் இப்போதுதான் தெரியவரும். கெர்னலைப் புதுப்பித்தாலும் நினைவக அளவை மாற்றினாலும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.

டம்ப் கோப்பில் கெர்னலின் நினைவகம் மட்டுமல்லாமல் அப்போது ஓடிய நிரல்களின் நினைவகமும் இருக்கக்கூடும்: பையர்களின் விலைப்பட்டியல், தொழிலாளர் கூலி, கடவுச்சொற்கள். மேக்டம்ப்ஃபைலில் 31 என்ற வடிகட்டல் நிலை சுழி நிரம்பிய பக்கங்கள், கேச் பக்கங்கள், பயனர் பக்கங்கள், காலிப் பக்கங்கள் ஆகியவற்றை நீக்கிவிடும். கோப்பின் அளவு வெகுவாகக் குறையும். ஆனால் நெட்வொர்க் பொட்டலங்கள் போன்றவை கெர்னலின் சொந்த இடையகங்களில் தங்கியிருப்பதால் அவை நீங்குவதில்லை. ஆகவே, பிழை தேடிக் கொடுக்கும் வெளி நிறுவனத்துக்கு டம்ப்பை அனுப்பும் முன், கிராஷ் என்ற பகுப்பாய்வுக் கருவியில் கெர்னல் லாக்கையும் விழுந்த இடத்தின் அழைப்பு வரிசையையும் மட்டும் எடுத்து அனுப்புவது பல இடங்களில் முதல் படியாக இருக்கிறது.